குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒதுக்கிவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கமுங்க.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வீதிச் சாக்கடை தூர்வாரப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் சந்தில் எரியாமல் கிடந்த தெருவிளக்குகள், மாநகராட்சிக்கு மனு மேல் மனு கொடுத்தபின் எரிகின்றன. நான்காவது வீதிக்குத் தண்ணீர் விடும் நேரம் இன்னும் சரியாகவில்லை. புதிய செயற்குழு அதை விடாமல் கேட்க வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி மாத்திரை விஷயத்துக்குத்தான் போனது. அதனால் அறிக்கையிலும் அதுவே பெரும்பகுதி.

சென்ற பொதுக்குழுவில் இரண்டு புகார்கள் வந்தன. காலி மனையில் ஊசியும் மாத்திரை அட்டையும் கிடக்கின்றன என்பது ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்பது இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதினோம். வேலையில் இறங்கிய பிறகுதான் இரண்டுக்கும் ஒரே வேர் என்று புரிந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல், மருந்தின் பெயர்கூடத் தெரியாமல், கேட்டவுடன் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மகன் செய்வது போதை, அப்பா செய்வது வைத்தியம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மருந்து அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

'செட்' என்றால் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: மெடிக்கலில் பல மாத்திரைகளை உதிரியாகச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் பொட்டலம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வருகிற டெய்லர், செக்கிங் பெண்கள், டெய்லருக்கு உதவும் கைமடி அக்காமார் எல்லோரும் மெடிக்கலில் நின்று "உடம்பு வலிக்கு ரெண்டு செட் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குகிறோம். லீவு போட்டால் அன்றைய கூலி போகும். டாக்டரிடம் போனால் அதற்கும் சேர்த்துப் பணம் போகும். செட் வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் மூன்றாவது வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் அண்ணா, சங்க அலுவலக மேசையில் செய்தித்தாளை விரித்து, உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த செட்டைக் கொட்டிக் காட்டினார். ஐந்து மாத்திரைகள். அட்டையிலிருந்து பிரித்து உதிரியாகப் போட்டவை. பெயர் இல்லை, தேதி இல்லை, ஒன்று பாதியாக உடைந்திருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட பொட்டலத்தில் பாராசிட்டமால் ஒன்று, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும் என்றார். சின்னதாக, வெள்ளையாக இருந்ததைத் தனியே நகர்த்தி வைத்து, "இதாங்க பிரச்சினை, இது டெக்ஸாமெத்தசோனா இருக்கலாம்னு சந்தேகம். ஆனா பேர் இல்லாம நானே உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவருக்கே தெரியவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரியும்?

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. ஆஸ்துமா, கடுமையான ஒவ்வாமை போன்றவற்றுக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. உடம்பு வலிக்குப் போட்டால் ஒரே வேளையில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பு வந்ததுபோல் இருக்கும். அதனால்தான் "அந்தக் கடை செட்டுத்தான் கேக்குது" என்று பெயர் வாங்குகிறது. மாதக்கணக்கில் போட்டால் சுகர் ஏறும், பிரஷர் ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், நோய் எதிர்ப்பு குறையும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பதும் குறைந்துபோகும். பிறகு திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலி மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. தொடர்ந்து போட்டால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும், சிறுநீரகம் கெடும். பிரஷருக்குச் சில வகை மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதோடு டைக்ளோஃபெனாக்கும் போட்டால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி.

பெயரில்லாத மாத்திரை என்றதும் 2019-ல் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, லீவுக்குப் பதிலாகப் பெயர் குறிப்பிடாத மாத்திரை கொடுக்கப்பட்டதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் 100 பெண்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தது. நம் மகளிர் கூட்டத்தில் இதைப் பேசியபோது, அந்த அனுபவம் எனக்கும் உண்டு என்று கை தூக்கியவர்கள் இருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று நாங்கள் கேட்கவில்லை. இனிமேல் யார் மாத்திரை நீட்டினாலும் "இது என்ன மாத்திரைங்க, அட்டையைக் காட்டுங்க" என்று கேட்பது என அன்று பேசி முடிவெடுத்தார்கள். என் பார்வையில் இந்த ஆண்டின் மிக நல்ல முடிவு அதுதான்.

அப்புறம், மாத்திரை டப்பா பார்க்கும் வேலை. ஞாயிறு காலைகளில் பெரியவர்கள் வீட்டு டப்பாவை அப்படியே எடுத்துவர, மருந்தாளுநர் அண்ணாவும் நம் பகுதிச் செவிலியர் ஒருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த மாத்திரையையும் அவர்கள் நிறுத்தவில்லை, மாற்றவில்லை. சந்தேகம் இருந்தால் சீட்டில் குறித்து டாக்டரிடமே அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் டாக்டரிடம் வேறு பெயரிலும் கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு, கால் வீங்கி, தலை சுற்றி உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர் வந்தார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் ஒருவர் அதைத் தினமும் போடத் தொடங்கியிருந்தார். வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டியது அது. கூடவே கொடுத்த ஃபோலிக் அமிலமும் சின்ன மஞ்சள் மாத்திரை, இதுவும் சின்ன மஞ்சள் மாத்திரை. அதில் வந்த குழப்பம். வாயெல்லாம் புண்ணாகியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் ரத்த அணுக்கள் அடியோடு குறைந்திருக்கும். அன்றைக்கே ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். நல்லபடியாகத் திரும்பிவிட்டார்.

பாராசிட்டமாலை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறோம். ஒரு கணக்கு சொல்கிறேன். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் நான்கு போட்டால் 2,600. சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரையில் பலவற்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அதை மூன்று வேளை போட்டால் 1,500. மொத்தம் 4,100. பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்ச அளவு 4,000 தான். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதைவிடவும் குறைவு. அளவு மீறினால் முதல் நாள் லேசாகக் குமட்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் கெட்டது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அளவுக்கு மேல் போட்டது தெரிந்தால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு; எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

மத்தியப் பிரதேசம் சிந்த்வாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது அக்டோபரில் பெரிய செய்தியானது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. அந்த வாரம் நம் பகுதித் தாய்மார்கள் பயந்துபோய் சங்கத்துக்கு வந்தார்கள். நாங்கள் சொன்னது, மத்திய சுகாதாரத் துறையே அறிவித்ததுதான்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவைப்படாது. பெரிய பிள்ளைக்கு வாங்கி மீதி இருப்பதைச் சின்னதுக்கு ஊற்றும் வழக்கம் நம் வீதிகளில் அன்றோடு நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

இனி அந்தக் காலி மனை. அங்கே கிடந்த அட்டைகளில் பெரும்பாலானவை டாபென்டடால். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பொறுக்க முடியாத வலிக்கும் கொடுக்கும், அபின் போல வேலை செய்கிற ஓபியாய்டு வகை மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. இளம் பையன்கள் அதை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வாயில் போட வேண்டிய மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. கட்டிப்படுத்தச் சேர்த்த தூள்களும் இருக்கின்றன. அவை ரத்தத்தில் கரைவதில்லை. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். ஊசி போட்ட ரத்தக் குழாய் இறுகிப் புண் வைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி தொற்றும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து தூக்கத்திலேயே நின்றுவிடும். பையன் தட்டி எழுப்பினாலும் எழாமல், வழக்கத்துக்கு மாறாகக் குறட்டை விட்டு, உதடு நீலம் பூத்திருந்தால், தெளியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். என்ன போட்டான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மனையின் சொந்தக்காரரிடம் பேசிப் புதரை வெட்டி விளக்குப் போட்டோம். 10581 எண்ணில் போலீசுக்குத் தகவல் கொடுத்தோம், ரோந்து வருகிறது. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. பையன்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், பழக்கத்தை அல்ல. நம் பகுதியிலேயே ஒரு வீட்டில் மகனை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்த்தார்கள். கொட்டாவி, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி. இரண்டாம் நாள் அவன் ஓட்டைப் பிரித்துக்கொண்டு ஓடிவிட்டான். அவனைத் தேடிப் பிடித்து, அடிக்காமல், அவன் மாமாவும் நம் துணைத் தலைவரும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் நிறுத்துகிறார்கள். நடுவில் ஒருமுறை மறுபடி வழுக்கினான். இப்போது மாதாமாதம் போய் வருகிறான். தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுக்கிற அடிமைப்பட்டவருக்கு, சொந்த உபயோகம், சிறிய அளவு போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ என்ற பிரிவு 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஒளித்து வைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416.

தூக்க மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அல்பிரசோலம் ஆண்டுக்கணக்கில் போடும் பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நம் பகுதி மருந்துக்கடைக்காரர்களைச் சந்தித்தோம். கடுமையான கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. ஒரு கடைக்காரர் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் வைத்தார், அவருக்கு நன்றி. இன்னொருவர், "நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க" என்றார். அது உண்மைதான். அதனால்தான் கடையிடம் மட்டும் பேசிப் பயனில்லை, வாங்குகிற நாமும் மாற வேண்டியிருக்கிறது. உதிரி மாத்திரை தருவதில்லை, கடையில் மிஞ்சும் அட்டையில் தேதி கடைசிவரை இருக்கும்படி, தேதி இல்லாத பக்கத்திலிருந்தே வெட்டிக் கொடுப்பது என்று இரண்டு கடைகள் ஒப்புக்கொண்டன. விலைதான் கவலை என்றால் முதல்வர் மருந்தகமும் மக்கள் மருந்தகமும் இருக்கின்றன. சுகர், பிரஷருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வருகிறார். பதிவு செய்யாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

நிறைவேறாத வேலை ஒன்று பாக்கி. டப்பா பார்த்ததில் தேதி முடிந்த மாத்திரை ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. குப்பையில் போட்டால் பொறுக்கும் பிள்ளைகள் கையில் சேரும், மண்ணிலும் நொய்யலிலும் கலக்கும். கேரளத்தில் என்-பிரவுட் என்று அரசே வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெற்றுப் பாதுகாப்பாக அழிக்கிறது. நம் மாநகராட்சியும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து அதுபோல ஒரு பெட்டி வைக்கக் கோரி மனு தயாராக இருக்கிறது. டாபென்டடால், டிரமடால், டயஸெபாம் போன்ற பழக்கமாகிவிடும் மருந்துகளை மட்டும், மீந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்; கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றிவிடச் சொல்லி 2025-ல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இவை இருக்கின்றன.

அந்த மனுவையும், ஞாயிறு டப்பா பார்க்கும் வேலையை அடுத்த ஆண்டும் தொடர்வதையும், அதற்குச் சந்தாவிலிருந்து ஒரு தொகை ஒதுக்குவதையும் தீர்மானங்களாக வைக்கிறேன். முதல் தீர்மானத்தை முன்மொழிய மருந்தாளுநர் அண்ணாவை அழைக்கிறேன்.

செயலாளர்
திருப்பூர்