உணவு வங்கிக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

நன்றியறிதல் நாள் வந்தால் வசதி குறைந்தோருக்கு இலவசமாக உணவு வழங்க, ரொறன்ரோவின் ஸ்காபரோத் தேவாலயங்களில் எங்களைப் போன்ற தொண்டர்கள் நடத்தும் உணவு வங்கிகளுக்குத் தமிழர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். நத்தாரோடு அது நின்றுவிடுகிறது. பெப்ரவரியில் இறாக்கைகள் காலி. யூலை இன்னும் மோசம்: பள்ளிக்கூடத்தில் கிடைத்த காலைச் சாப்பாடும் இல்லாமல் பிள்ளைகள் வீட்டில் நிற்கும் மாதம் அது. டிசம்பரில் கொடுக்க நினைப்பதில் பாதியை இந்த இரண்டு மாதங்களுக்கும் ஒதுக்கிவையுங்கள்.

அரிசியை 20 கிலோ மூடையாகத் தராதீர்கள். அதைப் பிரித்துக் கட்டச் சுத்தமான மேசை, தராசு, புதுப் பை, ஒவ்வொன்றிலும் ஒட்டச் சீட்டு, இத்தனைக்கும் ஆள் வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் 2 கிலோப் பைகள் வந்த அன்றே இறாக்கையில் ஏறும். வீட்டில் இடித்த தூள், ஊறுகாய், சமைத்த சாப்பாடு எதையும் வாங்க மாட்டோம். உங்கள் கைப்பக்குவத்தில் சந்தேகமில்லை. உள்ளே கடுகோ எள்ளோ இருக்கிறதா என்று ஒவ்வாமை உள்ளவர் கேட்டால் காட்ட எங்களிடம் சீட்டு இல்லை.

அதிகம் வீணாவது ரின்கள்தான். நடுவில் சிறு நசுங்கல் பரவாயில்லை. விளிம்பிலோ பக்கப் பொருத்திலோ நசுங்கியது, ஊதியது, கசிவது எல்லாம் நேரே குப்பைக்கு. பூட்டிய தேவாலய வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜனவரி இரவில் ரின் உறைந்து ஊதும். குளிரால் ஊதியதா, கிருமியால் ஊதியதா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்துக்கான திகதி. அது கடந்த பருப்பையும் ரின் கடலையையும் பெரும்பாலும் சாப்பிடலாம். 'எக்ஸ்பைரி', அதாவது காலாவதித் திகதி, அப்படியல்ல. குழந்தைப் பால்மாவில் அது ஒருநாள் கடந்தாலும் எறிந்துவிடுவோம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவருக்கு ஒன்ராறியோவின் 1994ஆம் ஆண்டு உணவு நன்கொடைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கடைக்காரர்கள் வழக்குக்குப் பயந்து நல்ல சாமானை எறிய வேண்டியதில்லை. பால், முட்டை, இறைச்சி என்றால் மட்டும் முன்கூட்டி அழையுங்கள். 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் வைக்கக் குளிர்ப்பெட்டியில் இடம் இருக்கவேண்டும்.

முதலில் முடிந்துபோவது ரின்மீன், பருப்பு, எண்ணெய். இழுத்துத் திறக்கும் மூடியுள்ள ரின்களாகப் பார்த்து வாங்குங்கள். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவரிடம் ரின்வெட்டி இருக்காது, சிலரிடம் அடுப்பே இல்லை. சீனிப்பாகில் போட்ட பழங்களை நீரிழிவுக்காரர் தொடுவதில்லை, பழச்சாற்றில் போட்டவை உடனே போய்விடும். வருபவர்களுக்கு நாங்கள் முன்பே கட்டிவைத்த பொதியைக் கொடுத்தால் மாட்டிறைச்சி ரின் சைவ வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் குடும்ப அளவுக்கு ஏற்ப அவர்களே எடுத்துக்கொள்ள விடுகிறோம். வரிசை மெதுவாக நகர்கிறது என்று குறைப்படுவோர் இதை அறியவேண்டும்.

காசாகக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். எங்களுக்கு அதுதான் வசதி, முடிந்த சாமானை மொத்த விலையில் வாங்கலாம். காசோலையைத் தேவாலயத்தின் பதிவுபெற்ற பெயருக்கே எழுதுங்கள்; தொண்டரின் பெயருக்கு எழுதினால் வரிக்கான பற்றுச்சீட்டுத் தர முடியாது.

உணவு வங்கித் தொண்டர்கள் சிலர்,
ஸ்காபரோ