அமைச்சர் மாறினார், கோப்பு எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதை 2025 மே மாதத்தில் எழுதுகிறேன். 2025 ஏப்ரல் 27 இரவு ஆளுநர் மாளிகைச் செய்திக்குறிப்பு வெளியானதிலிருந்து தமிழக அமைச்சரவை மாற்றம் குறித்து எல்லா ஏடுகளும் நிறைய எழுதிவிட்டன. எந்த மாவட்டத்துக்கு இடம் போயிற்று, எந்தச் சமூகத்துக்கு வந்தது, 2026 தேர்தலில் யாருக்கு எது உதவும் என்று கணக்குப் போட்டாயிற்று. அந்தக் கணக்கும் வாசகருக்கு வேண்டியதுதான். ஆனால் ஆட்சியின் கடைசி ஓராண்டில் இலாகா கைமாறினால் அந்தத் துறையில் நடந்துகொண்டிருக்கும் வேலை என்னவாகிறது என்று ஒரு பத்திகூடக் கண்ணில் படவில்லை. மக்களைத் தொடுவது அந்தப் பத்திதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செந்தில்பாலாஜியும் பொன்முடியும் பதவி விலகினர். செந்தில்பாலாஜியிடம் இருந்த மின்சாரத் துறை, போக்குவரத்து அமைச்சர் சிவசங்கருக்கும், மதுவிலக்குத் துறை, வீட்டுவசதி அமைச்சர் முத்துசாமிக்கும் கூடுதலாகச் சென்றன. பால்வளத்தை வைத்திருந்த ராஜகண்ணப்பனுக்குப் பொன்முடியிடம் இருந்த வனமும் கதரும் தரப்பட்டன. மனோ தங்கராஜ் 28-ஆம் தேதி மீண்டும் பதவியேற்றுப் பால்வளத்தைப் பெற்றார். மே 8-இல் துரைமுருகனிடம் இருந்த கனிமவளம் ரகுபதிக்கும், ரகுபதியிடம் இருந்த சட்டம் துரைமுருகனுக்கும் போயின. இலாகா மட்டும் மாறினால் புதிதாகப் பிரமாணம் எடுக்க வேண்டியதில்லை. முதல்வரின் பரிந்துரையும் ஆளுநரின் ஆணையும் போதும். பதவியை விட்டுத் திரும்புகிறவர்தான் பதவிப் பிரமாணம், இரகசியக் காப்புப் பிரமாணம் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும். 234 உறுப்பினர் கொண்ட பேரவையில் முதல்வரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சரவையில் இருக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 91-ஆவது திருத்தம் போட்ட 15 விழுக்காட்டு வரம்பு அது. 2024 செப்டம்பரில் அந்த வரம்பு நிரம்பியிருந்தது. இருவர் போய் ஒருவர் வந்ததில் 2025 மே மாதத்தில் 34.

பால்வளத் துறையை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2021 மே மாதம் நாசர். 2023 மே மாதம் மனோ தங்கராஜ். 2024 செப்டம்பரில் ராஜகண்ணப்பன். 2025 ஏப்ரலில் மறுபடியும் மனோ தங்கராஜ். நான்காண்டில் நான்கு முறை பொறுப்பேற்பு. இந்த இடைவெளியில் எடுத்த முடிவுகளும் கனமானவை. 2022 நவம்பரில் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்து பசும்பால் 35, எருமைப்பால் 44 ஆயிற்று. ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனதும் அப்போதுதான். 2023 டிசம்பர் 18 முதல் உற்பத்தியாளருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். ஊக்கத்தொகை கொள்முதல் விலைக்குள் சேராது. விலை என்றால் பால் பணத்தோடு வந்துவிடும். ஊக்கத்தொகைக்கு அரசு தனியே நிதி விடுவிக்க வேண்டும்; அது தாமதமானால் சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்கு நிலுவை ஏறும். ஆகவே இந்தத் துறையில் அமைச்சரின் முக்கிய வேலை நிதித் துறையை விடாமல் துரத்துவது. முந்தைய ஒதுக்கீடு எந்தத் தேதி வரை தீர்ந்தது, அடுத்த தவணைக் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பவரால்தான் அதைச் செய்ய முடியும். பழைய அமைச்சரே திரும்பி வந்திருப்பதில் உள்ள ஒரே ஆறுதல், அவருக்குத் துறையை முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்பது. ஆனாலும் இடைப்பட்ட ஏழு மாதக் கோப்புகள் அவருக்குப் புதியவை.

தலைமைச் செயலகத்தில் கோப்பு நகரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறும். பணம் சம்பந்தப்பட்டதென்றால் நிதித் துறைக்குப் போய்த் திரும்பும். அதற்குப் பிறகுதான் அமைச்சருக்குச் சுற்றோட்டம், அதாவது ஒப்புதலுக்கு அனுப்புவது; தேவையென்றால் முதல்வருக்கும். அமைச்சர் மாறிய நாளில் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தவை துறைக்கே திரும்பிவிடும். புதியவருக்கு மறுபடி சுற்றோட்டத்தில் வைப்பார்கள். அவர் படிக்காமல் ஒப்பமிட மாட்டார், இடவும் கூடாது. ‘பேசுக’ என்று எழுதி அனுப்புவார். அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு, ஒரு கூட்டம். இதில் யார்மீதும் குற்றமில்லை. ஆனால் இப்படித்தான் ஒரு கோப்பு வாரக்கணக்கில் நின்றுபோகும். அமைச்சரின் நேர்முக உதவியாளர்களும் அவரோடு போய்விடுவதால், எந்த மனுவுக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்ற நினைவும் அவர்களோடு போய்விடுகிறது.

இனி நாட்காட்டி. 2021-இல் அமைந்த பேரவையின் காலம் 2026 மே 10 வரை. கேட்பதற்கு ஓராண்டு போலத் தோன்றும். 2021-இல் தேர்தல் தேதியை அறிவித்தது பிப்ரவரி 26-ஆம் தேதி. அன்றே நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இம்முறையும் அதே காலத்தில் அறிவிப்பு வரும் என்று வைத்தால் பத்து மாதம். நடத்தை விதி வந்தபின் புதிய அறிவிப்புக்கு இடமில்லை. பணி ஆணை கொடுத்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. ஒரு பால் குளிர்விப்பு மையம் கட்ட வேண்டும் என்றால் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல் என்று வரிசையாக வாங்க வேண்டும். 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலையாக இருந்தால் ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. கூராய்வுக்கும் விலைப் பேச்சுக்கும் மேலும் சில வாரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: ஜனவரியில் பணி ஆணை கொடுக்க நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அதற்குச் செப்டம்பருக்குள் அரசாணை வந்தாக வேண்டும். ஆக, புதிய அமைச்சர் கையில் இருப்பது மே முதல் ஆகஸ்ட் வரையிலான நான்கு மாதம்தான்.

பணமும் முன்பே பங்கிடப்பட்டுவிட்டது. 2025-26 வரவு செலவுத் திட்டம் மார்ச் 14-இல் தாக்கலாயிற்று. பேரவைக் கூட்டத்தொடர் ஏப்ரல் 29-இல் முடிந்தது. கைமாறிய துறைகளில், பேரவையில் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அறிவிப்புகளைப் படித்தது ஒருவர், நிறைவேற்ற வேண்டியவர் இன்னொருவர். புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தால் அது ‘புதுப்பணி’, அதாவது வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத வேலை, ஆகும். எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் வாங்கிப் பிறகு துணை மதிப்பீட்டில் பேரவையின் ஒப்புதலைப் பெற வேண்டும். அடுத்த பிப்ரவரியில் வரப்போவது இடைக்கால வரவு செலவுத் திட்டமாகவே இருக்கும்.

மின்சாரத்தின் நிலை இன்னும் கடினம். 2021 முதல் செந்தில்பாலாஜி, 2023 ஜூனில் நிதியோடு சேர்த்துத் தங்கம் தென்னரசு, 2024 செப்டம்பரில் மீண்டும் செந்தில்பாலாஜி, இப்போது போக்குவரத்தோடு சேர்த்து சிவசங்கர். இரண்டுமே கடன் சுமையில் உள்ள, தினமும் கோடிக்கணக்கான மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் துறைகள். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 செப்டம்பர் ஆணைப்படி ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் இருக்கிறது, 2023-இல் 2.18, 2024-இல் 4.83 விழுக்காடு உயர்ந்தது. அதில் எவ்வளவை அரசு மானியமாக ஏற்கும் என்ற முடிவை அமைச்சர் பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. கூடுதல் பொறுப்பாகக் கொடுத்த துறைக்கு ஒருவர் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? 34 பேர்தான் இருக்கிறார்கள், ஓர் இடம் காலி. மின்சாரத்துக்கென்று முழுநேர அமைச்சர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாற்றத்தால் வாக்கு வரும் என்ற நம்பிக்கைக்கும் உறுதியான சான்று இல்லை. குஜராத்தில் 2021 செப்டம்பரில் முதல்வரோடு அமைச்சரவை முழுவதையும் மாற்றினார்கள். 2022 தேர்தலில் ஆளுங்கட்சியான பா.ஜ.க.வுக்கு 182-இல் 156 இடம் கிடைத்தது. ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் 24 அமைச்சர்களும் ஒரே நாளில் விலகல் கடிதம் கொடுத்தனர். 2024-இல் அங்கே ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 175-இல் 11 இடத்தோடு நின்றது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். துறை மாறிய ஒவ்வோர் அமைச்சரிடமும் தங்கள் செய்தியாளர்கள் மூன்று கேள்வி கேட்கட்டும். இந்த ஆண்டு மானியக் கோரிக்கையில் உங்கள் துறைக்குப் படிக்கப்பட்ட அறிவிப்புகளில் எத்தனைக்கு அரசாணை வந்துவிட்டது? வராதவை எந்தத் துறையில் நிற்கின்றன? முந்தைய அமைச்சரிடமிருந்து எழுத்து மூலமாக ஏதாவது பெற்றுக்கொண்டீர்களா? கிடைக்கும் பதிலை மாதம் ஒருமுறை, துறைவாரியாக, செப்டம்பர் வரை வெளியிடுங்கள். செப்டம்பருக்குப் பிறகு கேட்டால் பதில் வரும், வேலை நடக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்,
சென்னை.