செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைக் கலைவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மூன்றும் குறையின்றி நடந்தன. படங்களை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பை அதிகம் வாங்கியது விழாக்கள் அல்ல. வேலை இழந்தவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் கலிஃபோர்னியா மாநிலத்தின் வேலையின்மை, இயலாமைக் காப்பீட்டுத் தொகைகளுக்கு விண்ணப்பிக்க உதவுவதற்காக நாம் நடத்திய சனிக்கிழமை உதவி மையம்தான்.

வந்தவர்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்ட முதல் கேள்வி, "இது சர்க்கார் தர்மமாகக் கொடுக்கும் பணம்தானே, வாங்கினால் கௌரவக் குறைவு இல்லையா?" என்பது. சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். அதில் சி.ஏ.எஸ்.டி.ஐ. என்று ஒரு வரி இருக்கும். கலிஃபோர்னியாவின் இயலாமைக் காப்பீட்டுக்காக 2025இல் சம்பளத்தில் 1.2 சதவீதம் பிடிக்கப்பட்டது. 2024 முதல் உச்சவரம்பும் இல்லை; முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு. இந்தக் காப்பீடு ஊழியர் பணத்தில் ஓடுகிறது. வேலையின்மைக் காப்பீட்டுக்கான வரியை முதலாளிகள் கட்டுகிறார்கள். இதில் தர்மம் எங்கே வந்தது? கார் இடிபட்டால் அன்றைக்கே காப்பீடு கோருகிறவர்கள், சொந்த முதுகெலும்பு விஷயத்தில் மட்டும் கூச்சப்படுகிறோம்.

இரண்டையும் நிர்வகிப்பது இ.டி.டி. என்ற ஒரே மாநில வேலைவாய்ப்புத் துறை. ஆனால் இரண்டும் கேட்கும் கேள்வி நேரெதிரானது. வேலையின்மைக் காப்பீடு, "நீங்கள் வேலை செய்யத் தயாரா, உடம்பு இடம் கொடுக்கிறதா, வேலை தேடுகிறீர்களா?" என்று கேட்கும். இயலாமைக் காப்பீட்டுக்கோ உங்களால் வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஆகவே ஒரே நாளுக்கு இரண்டையும் வாங்க முடியாது. நம் உறுப்பினர்கள் தடுமாறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆட்குறைப்பில் வேலை போன ஓர் உறுப்பினருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. வேலையின்மைத் தொகைக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் சான்றுப் படிவத்தில், உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாமல் போனதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று உண்மையை எழுதினார். அந்த வாரத் தொகை குறைந்துவிட்டது. உண்மை சொன்னதற்குத் தண்டனையா என்று கொதித்துப்போய் வந்தார். அந்த வாரங்களுக்கு இயலாமைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, குணமான பின் வேலையின்மைக் கணக்குக்குத் திரும்பலாம் என்று எடுத்துச் சொன்னோம். வேலை இல்லாதபோதும் இயலாமைக் காப்பீட்டுக்குத் தகுதி உண்டு என்பதை அவர் நம்பவில்லை. ஆனால் தொகையைக் கணக்கிடுவது, கோரிக்கைக்குச் சுமார் 5 முதல் 18 மாதங்களுக்கு முன் வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான். வேலையிடத்தில் நேர்ந்த காயம் தனி. அதற்கு முதலில் தொழிலாளர் இழப்பீட்டு வழியில் போக வேண்டும்.

தொகையிலும் பெரிய வித்தியாசம். 2025இல் இயலாமைக் காப்பீடு சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை, வாரத்துக்கு அதிகபட்சம் 1,681 டாலர். வேலையின்மைத் தொகையோ வாரத்துக்கு 450 டாலரைத் தாண்டாது. 2005 முதல் அதே 450தான். இந்த ஊர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்று அலுத்துக்கொண்டு சிலர் விண்ணப்பிக்கவே இல்லை. வேறு சிலர், வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் கொடுக்கும் செவரன்ஸ் பணம் தீரட்டும் என்று காத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவில் செவரன்ஸ் பெரும்பாலும் இதற்குத் தடையில்லை. கணக்கு தொடங்குவதோ விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. காத்திருந்த வாரங்கள் போனவைதான்.

இயலாமைக் கோரிக்கையை, முடியாமல் போன நாளிலிருந்து 9 நாள் கழிந்த பின், 49 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மருத்துவரின் சான்று தனியாகப் போகும். இணையத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும் ரசீது எண்ணை மருத்துவமனையில் கொடுத்து, சான்று போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே தொல்லை கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் நம் உறுப்பினரின் தாள் ஃபேக்ஸ் தட்டிலேயே வாரக்கணக்கில் தூங்கியது.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வேறு முதலாளியிடம் உடனே சேரும் சுதந்திரம் இல்லாததால் வேலையின்மைத் தொகை உங்களுக்குப் பொதுவாகக் கைகூடாது. ஆனால் இயலாமைக் காப்பீட்டுக்குக் குடியுரிமையும் விசா நிலையும் தடையல்ல. பிரசவத்துக்கும், அதன் பின் 8 வாரம் வரை தரும் குடும்ப விடுப்புத் தொகைக்கும் இது பொருந்தும். தந்தையருக்கும் அந்த 8 வாரம் உண்டு.

அடுத்த தொல்லை நம் பெயர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், சமூகப் பாதுகாப்பு அட்டையில் முன்னால், சம்பளச் சீட்டில் வெறும் முதலெழுத்து. அடையாளச் சரிபார்ப்பு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. நோய் வருவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு எனக்கு நிறைவளித்த ஒரு விஷயம். ஒரு நிறுவனம் உறுப்பினர் ஒருவரிடம், "ராஜினாமா என்று எழுதிக் கொடுங்கள், உங்கள் பேருக்கு நல்லது" என்று இதமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. தானாக விலகியவர் என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக் கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்தார். தொலைபேசி விசாரணையில் நீதிபதி கேட்டபோது, மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு நிதானமாக வாசித்தார்: கையெழுத்திடாவிட்டால் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அதிலேயே இருந்தது. தீர்ப்பு அவர் பக்கம். இடைப்பட்ட காலத்திலும் சான்றுப் படிவத்தை விடாமல் நிரப்பி வந்ததால் எல்லா வாரங்களுக்கும் பணம் வந்தது. நிரப்பாமல் விட்டிருந்தால் வென்றும் கை காலிதான். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பெற்றோருடன் வசிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் ஒரு நினைவூட்டல்: வேலையின்மைத் தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு, மாநில வரி இல்லை. வாங்கிய தொகையை வரிக்கணக்குக்காகக் காட்டும் 1099-ஜி படிவத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறது. உதவி மையத் தொண்டர்கள் யாருடைய கடவுச்சொல்லையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தை உறுப்பினரே நிரப்ப வேண்டும், தொண்டர் பக்கத்தில் அமர்ந்து விளக்கலாம். இதன் மீது வாக்கெடுப்பு முடிந்ததும் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.