வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, பழைய சர்க்கரை ஆலை வளாகத்தில் இலையுதிர்காலப் பாரம்பரிய நாளை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

கடந்த ஏப்ரலில் உங்கள் நிகழ்ச்சியின் வாசலில், இணையத்தில் பதிவு செய்யவில்லை என்று, அந்தத் தோட்டத்தில் பிறந்த ஒரு மூதாட்டியை உள்ளே விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே சிலர் நேரில் சொன்னார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் அனுப்பினோம். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் தானாக அனுப்பும் இரண்டு வரிகள்தான் பதிலாக வந்தன. அதனால் இதைத் தமிழில், எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் தமிழ்க் குடும்பத்தவர்கள் இருக்கிறீர்கள். தமிழ் படிக்க வராதவர்களுக்கு வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது படித்துச் சொல்லட்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த முறை வாசலில் ஒரு மேசை போடுங்கள். அதன்மேல் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். இணையத்தில் பதிவு செய்ய முடியாமல் வந்து நிற்கும் பெரியவர்களின் பெயரைக் கையால் எழுதிக்கொண்டு உள்ளே விடுங்கள்.

அன்று வந்த ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். நீங்கள் சுற்றிக் காட்டுகிறீர்களே, கூலிகள் குடியிருந்த அந்தப் பேரக்ஸ் வரிசை வீடுகளில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டியவர், அம்மா களை எடுத்தவர். கல்யாணமாகிப் போகும்வரை அவருக்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு வரிசை வீடும், அதன் முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலும்தான். இப்போது சாட்ஸ்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கிருந்து ஒரு ஷேர் டாக்சி பிடித்து டர்பன் டவுன், டவுனில் இறங்கி வரிசையில் நின்று வடக்கே போகும் இன்னொரு டாக்சி, அப்புறம் மெயின் ரோட்டிலிருந்து மேட்டில் நடை. துணைக்கு நானும் போனேன். கையில் ஒரு துணிப்பையில் தேங்காய், கற்பூரம், சாமந்திப்பூ, சிரிங்கா இலை. இங்கே நம் வீடுகளில் வேப்பிலைக்குப் பதில் அந்த இலைதானே. ஏப்ரலில் அது மஞ்சளாகி உதிரத் தொடங்கிவிடும். பச்சையாக இருந்த கொத்தைத் தேடிப் பறித்து வைத்திருந்தார்.

வாசலில் இருந்த செக்யூரிட்டிப் பையனின் கையில் ஒரு டேப்லட். பதிவு செய்த குறியீட்டைக் காட்டச் சொன்னான். எங்களிடம் இல்லை. இணையத்தில் இடம் முழுவதும் நிரம்பிவிட்டது என்றான். ஆயாவிடம் இருப்பது பேசுவதற்கு மட்டும் ஆகும் பழைய போன். மகள் வீட்டில் டேட்டா மாதக் கடைசிவரை வருவதில்லை. நிகழ்ச்சி நடக்கிறது என்பதே அவருக்குக் கோயிலில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பதிவு செய்ய வேண்டும் என்று அந்த யாரோவுக்கும் தெரியாது.

அந்தப் பையன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவன் ஆயாவை, ஜூலுவில் பாட்டியைச் சொல்லும் 'கோகோ' என்ற வார்த்தையால் மரியாதையாகக் கூப்பிட்டான். வாக்கிடாக்கியில் மேலிடத்தைக் கேட்டுப் பார்த்தான். முடியாது என்று பதில் வந்ததும், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்து வந்து வேலியோரம் நிழலில் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அவன் நின்றுகொண்டிருந்தான். உங்கள் நிகழ்ச்சியில் அவருக்குக் கிடைத்த ஒரே உபசாரம் அது. பாரம்பரிய நாள் என்று பெயர் எழுதிய சட்டை போட்டவர்கள் பலர் அந்த வழியாகப் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை.

உள்ளே ஒலிபெருக்கியில் உங்கள் வழிகாட்டி பேசுவது வெளியே தெளிவாகக் கேட்டது. பேரக்ஸ் பெண்கள் விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்தார்கள், குழாய் கோயிலுக்குப் பின்னால் இருந்தது என்றார். ஆயா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கொழா அங்க இல்லப்பா. இந்தப் பக்கம், மரத்துக்கிட்ட. கல்யாணமாகிப் போறவரைக்கும் நான் தண்ணி எடுத்த கொழா." சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பந்தலுக்குக் கீழே பின்வரிசையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பதிவு செய்தவர்களில் பலர் வரவில்லை. அதையும் வேலி வழியாகப் பார்த்தோம்.

இடம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இடம் இருந்தது. பெயரை எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

அந்த வளாகம் இன்று மற்ற நாட்களில் யாரும் போக முடியாத இடம். சுற்றிலும் பெரிய வீடுகள், மதில், கேட். கரும்பு நின்ற மண்ணில் அவை வந்து ரொம்ப நாளாகிவிட்டது. வருடத்தில் ஒரு நாள், உங்கள் நிகழ்ச்சியன்றுதான் அந்தக் கேட் பொதுமக்களுக்குத் திறக்கிறது. அன்று திருப்பி அனுப்பினால் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். எண்பதைத் தாண்டியவரிடம் அடுத்த ஏப்ரலைப் பற்றி எப்படிப் பேசுவது?

அவர் ஏன் பக்கத்தில் இல்லாமல் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார் என்றும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குடியிருப்பு என்று 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் நம் மக்களை எப்படிப் பிய்த்துப் போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டர்பனில் நம் ஜனங்கள் வாழ்ந்த கேட்டோ மேனர் காலியானது. மேகசின் பேரக்ஸ் காலியானது. 1960-களில் சாட்ஸ்வொர்த், 1970-களில் ஃபீனிக்ஸ் என்று லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆட்கள் போன பிறகும் கோயில்கள் பழைய இடத்திலேயே நின்றன. அதனால்தான் நம் பழைய இடங்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் தூரத்தில் இருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் 'உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை' என்று இருந்தது. உள்ளூர்வாசி என்றால் இன்று மதிலுக்குள் வீடு வாங்கியவரா, அங்கே பிறந்து அனுப்பப்பட்டவரா? இந்தக் கேள்விக்கு மட்டுமாவது நேரான பதில் வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மதராஸில் கப்பலேறியவர்கள். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் கையால் எழுதப்பட்டது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் எழுதினார்கள். நம்மேல் அன்பு வைத்து எழுதவில்லை, கூலிக்கணக்குக்காக எழுதினார்கள். ஆனாலும் இன்று நம் பிள்ளைகள் வட ஆற்காட்டிலோ செங்கல்பட்டிலோ பூட்டனாரின் ஊரைக் கண்டுபிடிப்பது டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தக் கையெழுத்தை வைத்துத்தான். நம்மை வேலைக்கு வாங்கியவர்கள் ஒருவர் விடாமல் பெயர் எழுதினார்கள். நம்மைக் கொண்டாட வந்திருக்கும் நீங்கள் ஒரு மூதாட்டியின் பெயரை எழுத மறுத்தீர்கள். இதை எவ்வளவு பொறுமையாக யோசித்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பதிவு தேவை என்று சொல்வீர்கள். சரி, தேவைதான். ஆனால் இதே இலையுதிர் காலத்தில்தான் நம் பெரிய திருவிழாக்கள் சிலவும் வருகின்றன. தமிழ்நாட்டில் வெயில் ஏறும் பங்குனியும் சித்திரையும் இங்கே மழை குறைந்து காற்று குளிரும் மாதங்கள். பங்குனி உத்திரக் காவடி வருகிறது. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு லீவு கிடைத்த நாள் என்பதால் அந்த நாளில் தொடங்கிய வழிபாடு, இன்றும் அதே நாளில் நடக்கிறது. அங்கே யாரும் பதிவுக் குறியீடு கேட்பதில்லை. தொண்டர்கள் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்கள், பெரியவர்களுக்குத் தனி வழி விடுகிறார்கள், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கூட்டம் நடத்தத் தெரிந்த ஜனம் உங்களைச் சுற்றியே இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்பது உங்கள் கடமையும்கூட. 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியில்லாமல் இடிக்கக் கூடாது என்று சொல்வது எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஒரு இடத்தோடு சம்பந்தப்பட்ட சமூகத்தைக் கலந்துபேச வேண்டும், நிர்வாகத்தில் பங்கெடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. செங்கல்லுக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டம்தான் அங்கே வாழ்ந்தவருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது.

இன்னும் சொல்லவும் இருக்கிறது. நம் அரசியல் சட்டம் ஆறாம் பிரிவிலேயே, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் வளாகத்தில் ஒரு பலகையில்கூடத் தமிழ் எழுத்து இல்லை. திறப்பு விழாவுக்கு நம் பிள்ளைகளைப் பாவாடை தாவணியில் ஆடச் சொல்கிறீர்கள். ஆடி முடித்ததும், பதிவுப் பட்டியலில் பெயர் இல்லை என்று அவர்களையும் வெளியே அனுப்புகிறீர்கள். கோயில் சந்நிதியில் கற்பூரம் ஏற்ற ஐந்து நிமிஷம் ஒதுக்கியதில்லை. ஆலை முதலாளியின் பங்களாவுக்கு அரை மணி, பேரக்ஸுக்குப் பத்து நிமிஷம். வரிசை வீட்டில் பத்துப் பேர் சமைத்து, பிள்ளை பெற்று, செத்த இடத்தைப் பத்து நிமிஷத்தில் கடந்து போகச் சொல்லும் கால அட்டவணையை யார் போட்டது? யாருக்காகப் போட்டது?

வேகத்தில் நிறைய எழுதிவிட்டேன். பலகையைப் பற்றியும் பங்களாவைப் பற்றியும் இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம், பேச நாங்கள் தயார். இந்தக் கடிதத்தில் கேட்பது ஒன்றே ஒன்று. வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு பேனா. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும், அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களும் பெயரை எழுதிவிட்டு உள்ளே போகட்டும். பக்கத்தில் நாலு நாற்காலி இருந்தால் நல்லது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த நோட்டில் பெயரோடு, எந்த வரிசையில் இருந்தார், அப்பா என்ன வேலை பார்த்தார், தண்ணீர் எங்கே எடுத்தார் என்றும் இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். வாய்மொழி வரலாறு சேகரிக்கிறோம் என்று உங்கள் துண்டறிக்கையில் போட்டிருந்தீர்கள். அந்த வரலாறு அன்று வேலிக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மேசையில் உட்கார ஆள் இல்லை என்றால் நாங்கள் தருகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கும் பெரிய பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் எழுதுவார்கள், பலருக்கு ஜூலுவும் பேச வரும். நோட்டும் பேனாவும் நாங்களே வாங்கி வருகிறோம். உங்களுக்கு ஒரு ரேண்ட் செலவில்லை. நில உரிமையாளரின் நிபந்தனை ஏதாவது தடையாக இருந்தால், அது என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள். அவர்களிடமும் போய்க் கேட்கிறோம்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே இருட்டத் தொடங்கியதால், டாக்சி குறைவதற்கு முன்னால் கிளம்ப வேண்டியிருந்தது. ஆயா சிரிங்கா இலையையும் பூவையும் வேலிக் கம்பியில் செருகிவிட்டு, தேங்காயை அந்தச் செக்யூரிட்டிப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார். போன வாரம் பார்த்தபோது, அடுத்த வருஷம் எப்போது என்று கேட்டார். தேதி இன்னும் தெரியாது என்றேன்.

தயவுசெய்து பதிவு திறப்பதற்கு முன்பே தேதியை எங்களுக்குச் சொல்லுங்கள். இந்த வருடம் முடிவதற்குள், மேசைக்கு அனுமதி உண்டா இல்லையா என்று உங்கள் குழுவில் ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட்டுப் பதில் எழுதுங்கள். உண்டு என்றால் அன்று காலையில் கேட் திறக்கும் முன்பே நம் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.

மரியாதையுடன்,
தோட்டத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்,
டர்பன்