கிணற்றை எட்டிப் பார்த்தேன், கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீயே எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர் விளையாட்டை இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆடினேன். படமே இல்லை, எல்லாம் எழுத்துதான்: நான் கட்டளை அடிக்க, அது எழுத்திலேயே பதில் சொல்கிறது. "இந்த வயசில் கம்ப்யூட்டர் கேமா?" என்று கிண்டல் பண்ணிய அப்பா, அப்புறம் அவரே பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு "வடக்கே போ, வடக்கே போ" என்று உயிரை வாங்கினார். பாட்டி வீட்டை நன்றாகவே எழுதியிருக்கிறாய். திண்ணை, ரேழி, முற்றம், பரண் எல்லாம் சரி. கிணற்றடிக்கு வந்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது.

கொல்லையில் கிணறு இருக்கிறது என்று எழுதியது நீதான். எட்டிப் பார்க்கிறேன் என்று அடித்தேன். விசேஷமாக ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. ராட்டினத்தைத் தொட்டால், அப்படி ஒரு பொருளே இங்கே இல்லையாம்! இரண்டு வரிக்கு முன்னால் அது கிறீச்சிட்டது என்று எழுதியது யார்? படம் போடுகிறவர் பின்னணியில் ஒரு மரத்தைத் தீட்டிவிட்டுப் போய்விடலாம். எழுத்தில் ஒன்றின் பேரைச் சொல்லிவிட்டால், ஆடுகிறவர் அதைத் தொட்டுத்தான் பார்ப்பார். பாட்டி எந்தக் குழந்தையையும் கிணற்றை எட்டிப் பார்க்க விட்டதில்லை, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் அடுக்களையிலிருந்து ஒரு அதட்டல் கேட்டிருந்தால் நான் சிரித்தே இருப்பேன்.

படமே இல்லாமல் அந்தக் காலத்தில் எதை ரசித்தீர்கள் என்று போனில் கேட்டாயே. 1988-இல் எங்கள் ஆபீஸில் யூனிக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், பச்சை எழுத்துத் திரை. ராத்திரி ரிப்போர்ட் அச்சாகி முடியும்வரை வேலை இல்லை. அதில் 'அட்வென்சர்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. வில் குரோதர் என்கிற புரோகிராமர் 1970-களின் நடுவில் போர்ட்ரான் என்கிற புரோகிராம் மொழியில் எழுதியது. அவர் அமெரிக்காவின் கென்டக்கியில் மம்மத் குகைப் பக்கம் இறங்கி வரைபடம் போட்டவர், அதனால் விளையாட்டில் வரும் குகையின் பெரும்பகுதி நிஜக் குகைதான். மனைவியைப் பிரிந்த பிறகு, தன் இரண்டு மகள்களும் ஆடட்டும் என்று எழுதினாராம். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் மிரளக் கூடாது என்றுதான் சாதாரண வார்த்தைகளில் கட்டளை கொடுக்கும்படி வைத்தார். 1977-இல் டான் வுட்ஸ் என்கிற இன்னொரு புரோகிராமர் அதைப் பெரிதாக்கினார். நாங்கள் ஆடியது அதைத்தான். ஒரு கட்டளைக்கு இரண்டே வார்த்தை. அதிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் அது பார்க்கும்.

அதில் ஒரு பறவையைக் கூண்டில் பிடிக்க வேண்டும். அதைக் கொண்டுபோய் விட்டால்தான் வழியை மறிக்கும் பாம்பு விலகும். எனக்கோ பறவை சிக்கவே இல்லை. நீ உள்ளே வந்தபோது அது பயப்படவில்லை, கிட்டே போனதும்தான் கலவரப்படுகிறது என்கிற மாதிரி ஒரு வரி வரும். மூன்று நாள் அந்த வரியையே மென்றுகொண்டிருந்தேன். நாலாம் நாள் பல்லவன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பொறி தட்டியது. என் கையில் ஒரு கோல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பயம்! கீழே வைத்துவிட்டுப் போனால் பறவை சமர்த்தாகக் கூண்டுக்குள் வந்துவிடும். கம்ப்யூட்டர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதும் அந்தக் குகை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு இது இன்னும் புரியாது.

டிராகன் விஷயம் அதைவிட ரகளை. அதைக் கொல் என்றால், "எதனால்? வெறுங்கையாலா?" என்று நக்கலாகக் கேட்கும். நாங்கள் வாள் தேடி, கோடரி வீசி அலுத்துப்போனோம். கடைசியில் கூட வேலை பார்த்த பெண் எரிச்சலில் "ஆமாம்" என்று அடித்தாள். டிராகன் செத்தது! கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொண்டதே, அதுதான் சுகம். 'சோர்க்' மாதிரிப் பிற்பாடு வந்த விளையாட்டுகள் நீளமான வாக்கியங்களையும் புரிந்துகொண்டன. உன்னுடையதும் புரிந்துகொள்கிறது. ஆனால் தப்பாக அடித்தால் பேச்சே இல்லை. ஒருவர் அடிப்பதில் பாதி தப்பாகத்தான் இருக்கும், அந்தப் பாதிக்கும் ஏதாவது எழுதி வை.

சுற்றிச் சுற்றி வழி தொலைந்துபோகும் புதிர்வழிகளை மட்டும் தயவுசெய்து வைக்காதே. அட்வென்சரில் எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு குகைவழியில், அறைக்கு ஒரு பொருளாகப் போட்டு அடையாளம் வைத்து, அச்சுத் தாளின் பின்பக்கம் வரைபடம் போட்டோம். அது வேலை, விளையாட்டில்லை.

தமிழில் செய்தால் என்ன என்கிறாய். செய். கஷ்டம் வேற்றுமை உருபில்தான்: கிணறு 'கிணற்றை' ஆகும், மரம் 'மரத்தை' ஆகும், 'பெட்டியைத் திற' என்றால் நடுவில் ஒரு 'த்' வந்து உட்காரும். அதையெல்லாம் உரித்து எடுத்தால்தான் கம்ப்யூட்டருக்கு எந்தச் சொல் என்று தெரியும். ஆனால் 'சாவியால் பெட்டியைத் திற' என்றாலும் 'பெட்டியைச் சாவியால் திற' என்றாலும் எது எதைத் திறக்கிறது என்பதை உருபே காட்டிக்கொடுக்கும்.

பரணில் இருக்கும் தகரப் பெட்டி இன்னும் திறக்கவில்லை. சாவி எங்கே என்று சொல்லிவிடாதே. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் என்கிறார் அப்பா, உன் அடுக்களையில் அஞ்சறைப்பெட்டியே இல்லை. பாட்டி எப்போதும் அரிசி டின்னுக்குள்தான் சாவியைப் போடுவாள். நாளை ராத்திரி அதில் கையை விட்டுப் பார்க்கிறேன்.

அம்மா