பெரியம்மாவின் திதிக்கு நீங்கள் தர நினைக்கும் பணம் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பெரியம்மாவின் திதியன்று ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட விரும்புவதாகவும், நல்ல இல்லமாகப் பார்த்துச் சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட முன்வருவோர் நம் ஊரில் ஏராளம். அக்குழந்தைகளை வளர்க்கும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்குப் பணம் தர முன்வருவோர் மிகக் குறைவு. அதற்காகத் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்து ஆதரவின்றி நின்ற குழந்தைகளுக்காக, ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் 1949இல் முதல் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கிய ஹெர்மன் க்மைனர், சிறு வயதிலேயே தாயை இழந்து அக்கா எல்சாவின் கையில் வளர்ந்தவர். நூறு பேரை ஒரே கூடத்தில் படுக்கவைக்கும் முறையை விட்டு, ஓர் அன்னை, உடன்பிறப்புகள், ஒரு வீடு, சுற்றிலும் ஒரு கிராமம் என்ற நான்கை அவர் பற்றிக்கொண்டதற்கு அந்த அக்காவே காரணம் என்பது என் எண்ணம். மாதம் ஒரு ஷில்லிங் தாருங்கள் என்றுதான் அவர் மக்களிடம் கேட்டார். கொரியப் போருக்குப் பின் தென்கொரியாவின் தேகு நகரில் ஆசியாவின் முதல் கிராமத்தை எழுப்பவும், ஓர் அரிசிமணிக்கு ஒரு டாலர் என்று கேட்டுத்தான் பணம் திரட்டினார். 1960களில் ஃபரிதாபாத்துக்கு வந்த அந்த முறை நம் தாம்பரத்திலும் இருக்கிறது.

நான் மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் இல்லமும் அவ்வகையைச் சேர்ந்ததே. ரயில் நிலையத்தில் வளர்ந்த ஒரு பையன், வந்த புதிதில் செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். தட்டில் மிஞ்சிய இட்லியைச் சட்டைப்பையில் ஒளித்துவைப்பான். அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. ஓர் எவர்சில்வர் டப்பாவில் ஆணியால் அவன் பெயரைக் கீறி, இரவில் இரண்டு இட்லி போட்டு அவன் பாயருகே வைத்தார். பல மாதங்கள் கழித்து அவனே அந்த டப்பாவைக் கழுவிச் சமையலறையில் கவிழ்த்துவைத்தான். இடையில் சம்பளம் போதாமல் அவர் வேலையை விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. அக்காவையும் தம்பியையும் ஒரே வீட்டில் வைத்திருப்பதும் இங்கே முடிகிறது. ஆண், பெண் எனப் பிரிக்கும் பெரிய விடுதிகளில் அது நடப்பதில்லை.

ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தபோது, குடும்பத்துக்குச் சென்றவர்களே, அதிலும் இரண்டு வயதுக்குள் சென்றவர்களே, மற்றவர்களோடு ஒட்டி வாழ்வதில் நன்கு தேறினார்கள். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகவே கருதுகிறது. ஆகவே, பெற்றவரோ பாட்டியோ இருக்கும் குழந்தையை வீட்டுக்கே திருப்பி அனுப்ப முயலும் இல்லமாகப் பாருங்கள். குழந்தைகளோடு படம் எடுத்து வெளியிடும் வழக்கமும் வேண்டாம்.

எந்த இல்லமானாலும், அங்குள்ள அம்மாக்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்றும், 18 வயது முடிந்து வெளியேறிய பிள்ளைகள் தீபாவளிக்கு எங்கே போகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், திதிச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை