நேர்த்திக்கடன் பற்றி அப்பாவுக்கு

டோர்ட்முண்ட், ஜேர்மனி
ஆனி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கு நலமாக இருக்கிறோம். உங்களுடைய சுகத்தையும் அம்மாவின் முழங்கால் நோவு குறைந்துவிட்டதா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. ஜேர்மனிக்குப் போன பின்னும் நம்மவர்கள் முதுகில் செடில் கொக்கிகளைக் குத்திக்கொண்டு தெருவில் காவடி ஆடுகிறார்களாமே, அவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும் என்று அதில் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரும் தீர்த்தமும் இப்போதுதான் முடிந்திருக்கின்றன. கண்டதையும் கேட்டதையும் மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கோயில் இருக்கும் இடத்தை நீங்கள் கண்டால் வியந்துபோவீர்கள். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஹாம் போய், அங்கிருந்து பேருந்தில் ஊன்ட்ரொப் என்ற பகுதிக்குப் போக வேண்டும். அது முழுக்க முழுக்கத் தொழிற்பேட்டை. பண்டகசாலைகளும் பாரவூர்திகள் நிற்கும் வெளிகளும் அனல்மின் நிலையத்தின் உயரமான கட்டடங்களும் இருக்கின்ற அந்த இடத்தில், 17 மீற்றர் உயரமான இராசகோபுரம் நிற்கிறது. 1989 ஆம் ஆண்டளவில் ஹாம் நகரத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, ஊர்வலத்துக்குக் கூட்டம் சேரச் சேர இடம் போதாமலும், வாகன நெருக்கடியாலும் சத்தத்தாலும் அயலவர் மனம் வருந்தியதாலும், இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்தது. 2002 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. வரைபடத்தைச் செய்தவர் இந்த ஊர் ஜேர்மனியக் கட்டடக் கலைஞர். சிற்ப வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்தார்கள். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் பூட்டியிருக்கும், தொழிற்சாலைகள் ஓய்ந்திருக்கும். தேர் அந்த நாளில்தான் ஓடுகிறது. நாள், நட்சத்திரம் பார்ப்பதில் நீங்கள் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயே ஆக வேண்டிய மக்கள் ஒல்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இரவிரவாகப் பயணம் செய்து வருவதற்கு வேறு நாள் இல்லை.

அங்கே போனபோது, உங்கள் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, பழகியவர்களிடமும் பழகாதவர்களிடமும் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். சைவ சித்தாந்தம் சொல்லும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையை வைத்து எவரும் விடை சொல்லவில்லை. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களையும் சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லோரும் ஒரு ஆளின் பெயரைச் சொன்னார்கள், அல்லது ஒரு ஆண்டைச் சொன்னார்கள்.

கற்பூரச் சட்டி எடுத்த ஒரு அக்காவைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர். அடியில் வேப்பிலை வைத்த மண்சட்டியை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி, தேருக்குப் பின்னால் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடந்தார். அன்று வெயில் கடுமையாக இருந்தது. சாலையின் சூடு என் காலுறையையும் தாண்டிச் சுட்டது. சட்டியில் சுவாலை தணியும்போதெல்லாம், பக்கத்தில் நடந்த அவருடைய மகள் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். வேப்பிலை கருகத் தொடங்கியதும், பின்னால் வந்த, அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் தன் சட்டிக்கு வைத்திருந்த இலையில் பாதியைப் பிடுங்கிச் சட்டியின் கீழே செருகிவிட்டார். வீதியுலா முடிந்து நிழலில் இருந்தபோது நான் கேட்டேன். இறுதிப் போர் நடந்த 2009 ஆம் ஆண்டு வைகாசியில் தன் தம்பி குடும்பத்தைப் பற்றி எந்தச் செய்தியும் வராமல் இருந்த வாரங்களில், உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு சொல் வந்தால் உயிருள்ளவரை சட்டி எடுப்பேன் என்று நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்ந்ததாகச் சொன்னார். தம்பியின் பிள்ளைகள் இருவரும் உயிரோடு வந்தார்கள், தம்பி வரவில்லை. "பாதியைத் தந்தவளுக்கு முழுக் கடனையும் கட்டுகிறேன்" என்றார். அவருடைய குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து படிப்பதற்கு இவர்தான் பணம் அனுப்புகிறார் என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நயினாதீவுக்கு நேர்ந்ததை ஹாம் நகரத்தில் கட்டலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அகதி அந்தஸ்தில் இங்கே இருப்பவர்களின் பயணப் பத்திரத்தில், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்றே எழுதியிருக்கும். உலகம் முழுவதும் போகலாம், நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறைக்கு மட்டும் போக முடியாது. இப்படி இருபது, முப்பது ஆண்டு காத்திருந்தவர்கள் உண்டு. பெற்றோரின் சாவுக்குப் போக முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொழிற்பேட்டைச் சாலைதான் நல்லூர் வீதி, இங்குள்ள கால்வாய்தான் கீரிமலைத் தீர்த்தம். தேருக்கு மறுநாள் அம்பாளைத் தீர்த்தமாட்டுவது டாட்டெல்ன் - ஹாம் கால்வாயில்தான். நிலக்கரிப் படகுகள் போவதற்காக வெட்டி 1914 இல் திறந்த கால்வாய் அது. கரையில் இறங்கி அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும்போது கண்கலங்காத முதியவர் ஒருவரையும் நான் காணவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன் அப்பா, பிழையாக எடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1990 இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பின்பு, ஆடி அமாவாசைக்கு நீங்கள் அப்பப்பாவுக்காக வேறு கடற்கரையில் நீராடித் தர்ப்பணம் செய்தீர்கள். இடம் மாறியதால் அது அப்பப்பாவைச் சேராது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைய விரதச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய்ப் பொரியல் இல்லாவிட்டால் இலையில் இருக்கமாட்டீர்கள். அம்மா அதற்காக முதல்நாளே சந்தை சந்தையாக விசாரிப்பார். அந்தக் கசப்புக் காய்க்கு எந்த ஆகமத்தில் விதி இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்கள் தகப்பனார் தன் தகப்பனாருக்காக அதைச் சாப்பிட்டார், நீங்கள் அவருக்காகச் சாப்பிடுகிறீர்கள். அதைச் சாப்பிடும்போது உங்கள் முகத்தில் இருக்கும் அமைதியை நான் சிறு வயதிலிருந்து கண்டிருக்கிறேன். அதே அமைதியைத்தான் அந்த அக்காவின் முகத்திலும் கண்டேன்.

காவடியைப் பற்றித்தான் நீங்கள் கூடுதலாகக் கவலைப்பட்டிருந்தீர்கள். ஆறுமுக நாவலர் பெருமான் கோயில்களில் உயிர்ப்பலியை எதிர்த்ததையும் ஆகமத்துக்குப் புறம்பானவற்றைக் கண்டித்ததையும் சொல்லி எங்களை வளர்த்தவர் நீங்கள். ஆகையால் உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. எனக்கும் செடிலைக் கிட்ட நின்று பார்க்க முதலில் மனம் வரவில்லை. இம்முறை கிட்ட நின்றேன். முதுகுத் தோலில் கொளுவிய செடில்களிலிருந்து வரும் கயிறுகளை ஒருவர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஆடுபவர் முன்னே பாயப் பாய, பின்னால் இருப்பவர் கயிற்றை எவ்வளவு விட வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று கண்ணெடுக்காமல் பார்க்கிறார். கொஞ்சம் பிசகினாலும் தோல் கிழியும். நான் பார்த்த இருவரில் ஆடியவர் இங்கே பிறந்த இருபது வயதுப் பொடியன், கயிறு பிடித்தவர் அவனுடைய தாய்மாமன். அந்த மாமன் உணவகம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவி அவனுடைய தாயையும் அவனையும் காப்பாற்றியவராம். பொடியனிடம் கேட்டபோது, தனக்குக் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று இன்னும் நிச்சயமில்லை என்றும், ஆனால் மாமன் பின்னால் கயிற்றைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் தனக்கு எந்தப் பயமும் இருப்பதில்லை என்றும், பாதித் தமிழிலும் பாதி ஜேர்மன் மொழியிலும் சொன்னான். மாமனோ தனக்கு விடை சொல்லத் தெரியாது என்று சொல்லி, அவனுடைய முதுகுக்குத் திருநீறு பூசுவதிலேயே இருந்தார்.

இவை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. புதுச்சேலையையும் தாலிக்கொடியையும் காட்ட வருபவர்களும் உண்டு; கைத்தொலைபேசிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு காவடி எடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்தது. இருந்தாலும் கூட்டம் இல்லாமல் தேர் ஓடாது, வடம் பிடிக்கும் கைகளை நாம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க முடியாது.

இது சைவர்களுக்கு மட்டும் உரியதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஒல்லாந்து எல்லையருகே கெவலார் என்ற சிறு நகரம் இருக்கிறது. 1642 இல் ஒரு வணிகர், வழியோரத்தில் கேட்ட குரலுக்குப் பணிந்து மாதாவுக்கு ஒரு சிறு கூடு கட்டினாராம். அதில் வைத்த, உள்ளங்கையளவு காகிதத்தில் அச்சிட்ட படத்தை வணங்க இன்றும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு யாத்திரை நடக்கிறது. கத்தோலிக்கர்களோடு, திருநீறு பூசிய சைவக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். ஊரிலே மடு மாதா கோயிலுக்குப் போனவர்கள் இங்கே கெவலாருக்குப் போகிறார்கள். எங்களோடு வந்த மன்னார்ப் பெண் ஒருவர், தன் பிள்ளை சுகமாகப் பிறந்ததற்காகத் திரி ஏற்றிவிட்டு, அது முழுவதும் எரிந்து முடியும்வரை மழையில் குடை பிடித்தபடி அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றார்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பேச்சு ஏறக்குறைய அற்றுப்போன ஒரு ஜேர்மனிய மூதாட்டி இருக்கிறார். கார்த்திகை பிறப்பதற்கு முன், நவம்பர் முதலாந் திகதி, இங்கே கல்லறைகளில் சிவப்புக் கூட்டுக்குள் விளக்கேற்றுவது வழக்கம். சென்ற முறை நான் அவரைச் சக்கர நாற்காலியில் கணவருடைய கல்லறைக்குக் கூட்டிப்போனேன். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. நான் என் மேற்சட்டையை விரித்து மறைப்புப் பிடித்தேன், அவர் நடுங்கும் கையால் ஏற்றினார், பிறகு என் நெற்றியில் விரலால் சிலுவை இட்டார். நான் யார், என்ன மதம் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. ஆனால் விளக்கேற்றியவுடன் பக்கத்தில் நிற்பவரை ஆசீர்வதிக்க வேண்டும் என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால் உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான் அப்பா. அறிந்து செய்வது மேலானது என்று நீங்கள் கற்பித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டவர்களுக்குத் தாங்கள் யாருக்காகச் செய்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதைப் பணத்தாலும் சொல்லாலும் தீர்க்க முடியாத நிலையில் இருக்கும் மனிதருக்கு, தீர்ப்பதற்கு ஒரு வழியும் ஒரு நாளும் வகுத்துக் கொடுத்திருப்பதே கிரியையின் பெருங்கருணை என்று நான் நம்புகிறேன். தூரத்தில் வாழ்பவர்களுக்கு அந்தக் கடன் இன்னும் பெரிது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்த மாதங்களில் அம்மா எனக்காக ஒரு நேர்த்தி வைத்ததாகச் சின்னம்மா சொன்னார். அம்மாவிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுகிறார். முழங்கால் நோவோடு தன்னால் முடியவில்லையே என்ற கவலை அவருக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். தயவுசெய்து நீங்கள் ஆறுதலாகக் கேட்டு, எந்த அம்மனுக்கு, என்ன நேர்த்தி, எத்தனை வருடத்துக்கு என்று எழுதி அனுப்புங்கள். பாற்செம்பாக இருந்தாலும் கற்பூரச் சட்டியாக இருந்தாலும் வருகிற தேருக்கு நான் அவருக்காக எடுக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இவர் பக்கத்தில் கற்பூரப் பையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் உங்கள் கையால் கொஞ்சம் திருநீறு மடித்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பினால், அதைச் சட்டியின் அடியில் இடுவேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்